ஒரு லட்சத்துக்கு ஒரு கிலோமீட்டர்

ஊரப்பாக்கம் சந்திரிகாவால் தன் பெயரில் இருந்த விமானத்தை விட்டு, அதன் விலை எத்தனை லட்சமோ அத்தனை கிலோமீட்டருக்கு மேல் விலகிப் போக முடியாது. இது முதலில் தெரியவந்தது 2013 ஏப்ரல் ஆறாம் தேதி, வண்ணாரப்பேட்டையில். நாத்தனார் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போன ஐந்து பேரில் நான்கு பேர் கடைக்குள் போய்விட்டார்கள். சந்திரிகா படிக்கு எட்டு அடி முன்னால் நின்றாள். காலைத் தூக்க முடிந்தது, முன்னால் வைக்க முடியவில்லை. வலி எதுவும் இல்லை. இரண்டு காந்தங்களின் ஒரே முனைகளை நெருக்கினால் விரலுக்குத் தெரிகிற மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னாள், இயற்பியல் படித்தவள். கடைக்காரர் புடவைகளை வெளியே எடுத்து வந்து காட்டினார். அவள் அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். நேர்கோட்டில் அளந்தால் அந்த இடம் வீட்டிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் எழுநூறு மீட்டர். காப்பீட்டுக்காக விமானத்தை மதிப்பிட்டவர் ஆறு நாள் முன்புதான் முப்பத்தைந்து லட்சத்து எழுபதாயிரம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அப்போது யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

விமானத்தை வாங்கியவர் அவளுடைய மாமனார் சுப்பராயலு. மூன்று ஏக்கரை அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு விற்ற பணம் கையில் இருந்தது. தாம்பரத்துக்கு அந்தப் பக்கம், மூடிப்போன ஒரு பறக்கும் பயிற்சிப் பள்ளியின் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஜெனரேட்டர் எடுக்கப் போனார். அங்கே நான்கு பேர் உட்காரும் ஒற்றை இன்ஜின் விமானம் ஒன்று நின்றது. வெள்ளை, பக்கவாட்டில் நீலக் கோடு. எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கேட்டார். ஐந்து சென்ட் என்றார்கள். மெயின் ரோட்டு மேல் ஐந்து சென்ட் வாங்கினால் என்ன ஆகுமோ அதைவிட விலை கொஞ்சம்தான் அதிகம், மேற்கொண்டு இன்ஜினும் வருகிறது என்று கணக்குப் போட்டு, நாற்பத்திரண்டு லட்சத்துக்கு எடுத்துவிட்டார். இறக்கைகளைக் கழற்றி லாரியில் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் விற்காமல் வைத்திருந்த மனையில் நிறுத்தினார்கள். நான்கு மூலையிலும் கல் நட்டு, கம்பி வேலி போட்டார்கள்.

பத்திரம் சந்திரிகாவின் பெயரில் போட்டது அந்த வீட்டு வழக்கம். அவள் கல்யாணமாகி வந்த நாற்பதாவது நாள் சாலை அகலப்படுத்தியதற்கான நஷ்ட ஈடு வந்தது. அதிலிருந்து கார், ஆழ்துளைக் கிணற்று மின் இணைப்பு, சிமெண்டுக் கடை உரிமம் எல்லாமே அவள் ராசிக்கு வாங்கப்பட்டன. யாராவது ஒரு தாளை நீட்டுவார்கள், அவள் கையெழுத்துப் போடுவாள். விமானத்துக்கும் பதினொரு இடத்தில் போட்டாள். அது என்ன என்று கேட்டதற்கு மாமியார் பொன்னியம்மாள், "நல்ல சேதிதான், போடும்மா" என்றாள்.

ஒரு வருஷத்தில் சென்ட்ரல் ஸ்டேஷன் அவளுக்கு வெளியே போய்விட்டது. மின்சார ரயிலில் போகும்போது எல்லை வந்ததும் ரயில் தாண்டும், அவள் தாண்டமாட்டாள். ஜன்னலோர இருக்கை காலியாகும். அவள் தண்டவாளத்தின் ஓரத்து ஜல்லியில் கைப்பையோடும் சீசன் டிக்கெட்டோடும் நிற்பாள். பெட்டியில் நின்றுகொண்டிருக்கும் யாராவது அந்த இருக்கையில் உட்கார்ந்துகொள்வார்கள். சந்திரிகா நகர வரைபடம் ஒன்று வாங்கி, அந்த வாரம் தான் நின்ற இடங்களில் புள்ளி வைத்து, விமானம் நிற்கும் மனையில் காம்பஸின் முள்ளை ஊன்றி வட்டம் போட்டாள். எல்லாப் புள்ளிகளும் வட்டத்தின் மேல் விழுந்தன. அந்த வருஷத்து மதிப்பீடு முப்பது லட்சத்து முப்பதாயிரம். வட்டத்தின் ஆரம் முப்பது கிலோமீட்டர் முந்நூறு. சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துக் காட்டினாள்.

சுப்பராயலு கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப விலை ஏறினா நீ திருப்பதி வரிக்கும் போலாம்" என்றார்.

"ஏறாது மாமா. வருஷத்துக்கு நூத்துக்குப் பதினஞ்சு குறையும். வித்துட்டா நான் எங்க வேணா போலாம்."

"இன்னா அவசரம் இப்போ. வச்சா ஏறும்."

வைத்திருந்தால் ஏறும் என்பதுதான் அந்தக் குடும்பம் அறிந்த ஒரே பொருளாதாரம். அது அவர்கள் விஷயத்தில் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. அவசரப்பட்டு விற்றவர்கள் இன்று அதே மனைகளில் எழும்பிய அடுக்குமாடிகளுக்குக் காவலாளிகளாக இருந்தார்கள். விற்காதவர்கள் வாடகை வாங்கினார்கள். விமானமும் ஐந்து சென்ட் பிடிக்கிற ஒரு சொத்துதானே என்று சுப்பராயலு நினைத்தார். ஆகவே காலி மனைக்குச் செய்கிற எல்லாவற்றையும் அதற்கும் செய்தார். போலிப் பத்திரம் போட்டு யாரும் அபகரித்துவிடக் கூடாது என்று ஒரு பெயிண்டரை வரவழைத்து, விமானத்தின் இரண்டு பக்கமும் சிவப்பு எனாமலில், "இந்தச் சொத்து சுப்பராயலு குடும்பத்தாருக்குப் பாத்தியப்பட்டது. விற்பனைக்கு அல்ல. அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவார்கள்" என்று எழுதவைத்து, கீழே தன் கைப்பேசி எண்ணையும் போட்டார். அப்படி எழுதியிருந்தால்தான் நல்ல பார்ட்டி வரும் என்பது மனை விற்றவர்களுக்குத் தெரியும். வருஷம் ஒருமுறை வந்த மதிப்பீட்டாளர் வேதசிரோமணி, தாம்பரத்தில் விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த எழுத்துகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு லட்சத்தைக் குறைத்தார். சந்திரிகா அந்த வாரம் எழும்பூருக்குப் பதிலாகச் சேத்துப்பட்டில் நின்றாள்.

2015 டிசம்பர் வெள்ளம் சக்கரங்களுக்கு மேல் ஏறி இன்ஜினின் அடியைத் தொட்டு வடிந்தது. தண்ணீரில் நின்ற விமானம் என்று ஒரு வரி சேர்ந்ததில் ஏழு லட்சம் ஒரேயடியாகப் போனது. அதில் கிண்டியும் கோவளமும் ஒரே நாளில் போயின. இரண்டும் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். கிண்டியில் ஒரு ஆய்வகத்தில் அவளுக்கு வேலை இருந்தது. வராத காரணத்தை எழுதிக் கேட்டார்கள். அவள் உள்ளதை உள்ளபடி எழுதி, வரைபடத்தையும் இணைத்து அனுப்பினாள். வட்டம் சரியாகப் போடப்பட்டிருக்கிறது என்று பாராட்டி, வேலையிலிருந்து விடுவித்தார்கள்.

அடுத்த ஏப்ரலில் வேதசிரோமணி வந்தபோது, கொஞ்சம் கூடுதலாக எழுதும்படி கேட்டாள். அவர் மனம் இளகிப் பதினெட்டுக்குப் பதில் இருபத்தைந்து என்று எழுதினார். சந்திரிகா அன்றே கோவளம் பஸ் ஏறினாள். கேளம்பாக்கத்துக்கு முன்பே சாலையில் நின்றாள். திரும்பி வந்து சொன்னபோது அவர் எழுதியதைக் கிழித்துப் போட்டார்.

"மார்க்கெட்டுன்னு ஒண்ணு இருக்கும்மா. அது நான் எழுதறதைப் படிக்கறதில்லை."

அதன் பிறகு அவர் விமானத்தைப் பரிசோதிப்பதை விட்டுவிட்டார். போன வாரம் எங்கே நின்றாள் என்று கேட்டு, அந்தத் தூரத்தை அப்படியே மதிப்பாக எழுதிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார். காப்பீட்டு நிறுவனத்துக்கு அவருடைய மதிப்பீடுகளில் இருந்த துல்லியம் ஆச்சரியமாக இருந்தது.

சந்திரிகாவின் அம்மா ரமா, தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் தனியாக இருந்தாள். வீட்டிலிருந்து அங்கே பத்தரை கிலோமீட்டர். வேறு எதைப் பற்றியும் சந்திரிகா அதிகம் பேசவில்லை. பத்தரைக்குக் கீழே போவதற்குள் விற்றுவிட வேண்டும் என்பதை மட்டும் ஒவ்வொரு வருஷமும் சொன்னாள். வாங்க வந்தவர்கள் இல்லாமல் இல்லை. 2014இல் ஒருவர் இருபத்தெட்டு கேட்டார், சுப்பராயலு நாற்பத்திரண்டுக்குக் குறையாது என்றார். 2016இல் வந்தவர் பதினேழு கேட்டார், இருபத்தெட்டுக்கே கொடுக்கவில்லையே என்றார் மாமனார். 2018இல் பன்னிரண்டரை. 2019 பிப்ரவரியில் புதுச்சேரியிலிருந்து ஒரு கிளப்காரர் வந்து, இறக்கையைத் தட்டிப் பார்த்து, பதினொன்று தருகிறேன், நாளைக்கே லாரி அனுப்புகிறேன் என்றார். சந்திரிகா காபித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"குடுத்துடலாம் மாமா. அடுத்த வருஷம் ஒன்பதுதான் வரும். அப்புறம் எங்கம்மா வீட்டுக்கு நான் போக முடியாது."

"போன வருஷம் பன்னெண்டரை கேட்டான்மா. இப்போ பதினொண்ணுக்குக் குடுத்தா ஒன்றரை நஷ்டம். ஊர்ல நாலு பேரு இன்னா பேசுவான்?"

"நஷ்டம் ஏற்கெனவே ஆயிடுச்சு."

"எங்க ஆச்சு? அது நிக்கிற மனை அப்போ சென்ட் ஆறு லட்சம். இப்போ பதினாலு. ரெண்டயும் சேத்துப் பாரு, லாபத்துலதான் கீது. வச்சுக் கெட்டவன்னு இந்த ஊர்ல ஒருத்தனக் காட்டு, நான் இப்பவே குடுத்துடறேன்."

அப்படி ஒருவரும் ஊரில் இல்லை. சந்திரிகா தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். விமானத்தின் பதிவுச் சான்றும் இன்ஜின் ஓடிய மணிகளைக் குறித்த புத்தகங்களும் நிலப் பத்திரங்களோடு மாமனாரின் பீரோவில் இருந்தன. சாவி அவர் அரைஞாணில் இருந்தது. அன்று மாலை அவள் கணவன் சிவகுமாரிடம் கேட்டாள்.

"உங்க பேருக்கு மாத்திக்கலாமே."

அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "நான் சரக்கு எடுக்க ஸ்ரீபெரும்புதூர் போவணுமே சந்திரி" என்றான். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்த மாதம் முழுவதும் அவளுக்குத் தினமும் மல்லிகைப்பூ வாங்கி வந்தான். பொன்னியம்மாள், வீட்டு லட்சுமி வீட்டைச் சுற்றியே இருப்பது நல்லதுதானே என்று உண்மையாகவே நம்பினாள்.

சிட்லபாக்கம் போனது 2020 ஏப்ரலில். அப்போது ஊரடங்கு. தெருமுனையில் தடுப்பு வைத்திருந்தார்கள், யாரும் எங்கும் போகவில்லை. சில மாதங்களுக்கு ஊரில் எல்லோரும் சந்திரிகாவைப் போல இருந்தார்கள், அவளிடம் வந்து எப்படிச் சமாளிக்கிறாய் என்று விசாரித்தார்கள். தடுப்புகளை எடுத்த பிறகு அவர்கள் கிளம்பிப் போனார்கள். அவள் தாம்பரம் சானடோரியத்துக்கு வந்து நின்று, அம்மாவுக்குப் போன் செய்தாள். ரமா ஆட்டோவில் வந்தாள். இரண்டு பேரும் ஸ்டேஷன் வாசலில் ஒரு மணிநேரம் நின்று பேசிவிட்டுப் பிரிந்தார்கள்.

அடுத்த வருஷம் ரமா சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பெருங்களத்தூருக்குக் குடி வந்தாள். பறக்கும் தகுதிச் சான்று காலாவதியாகி, ஓடாத இன்ஜின் உள்ளுக்குள் துருப்பிடித்து இறுகி, விலை வருஷத்துக்குப் பதினைந்து என்ற கணக்கை விட்டுவிட்டு வேகமாகச் சரிந்தது. பெருங்களத்தூர் பதினான்கு மாதம்தான் தாங்கியது. ரமா வண்டலூருக்கு மாறினாள். அங்கே உயிரியல் பூங்காவுக்குள் எல்லை ஓடியது. சந்திரிகா யானை வரை பார்க்கலாம், புலி அந்தப் பக்கம். வண்டலூரும் போனதும் ரமா அடுத்த தெருவுக்கே வந்துவிட்டாள். "தபால்ல இருந்தப்போகூட எனக்கு இத்தனை டிரான்ஸ்ஃபர் இல்லைடி" என்றாள். காலி செய்த இரண்டு வீட்டு அட்வான்ஸிலும் வெள்ளையடிக்க என்று பிடித்துக்கொண்டார்கள்.

ஆட்டோ ஓட்டும் சம்பந்தத்துக்கு எல்லை நகர்வது அவளைப் போலவே பழகிவிட்டது. அவள் ஏறியதும் எடுத்த எடுப்பில், "அக்கா, போன வாரம் டீக்கடை வரிக்கும் வந்தீங்க. இன்னிக்கு பெட்ரோல் பங்க்லயே ஓரங்கட்டிடவா?" என்பான். தெரியாத டிரைவராக இருந்தால் சீட்டில் ஆள் இல்லாமல் அரை கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்பி வருவான்.

பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று அவள் வேதசிரோமணியிடம் கேட்டதுண்டு.

"போட்டா கையில காசு இருக்கும். விமானம் இருக்காது. உன் பேர்ல இருக்கிற, ஆனா இல்லாத விமானத்துக்கு என்ன விலைம்மா?"

"பூஜ்யம்."

"அப்போ நீ எங்க நிப்ப?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அதைப் பரிசோதனை செய்து பார்க்கச் சொல்லமாட்டேன் என்றார். விற்றால் அப்படியே விற்க வேண்டும். இன்னொருவர் பெயருக்குப் போக வேண்டும். வேறு வழியில்லை.

சுப்பராயலு 2023 ஜனவரியில் இறந்தார். கடைசி வாரத்தில்கூட யாரோ கேட்ட மூன்று லட்சத்தை மறுத்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பொன்னியம்மாள் பீரோ சாவியைச் சந்திரிகாவின் கையில் கொடுத்தாள். சந்திரிகா அன்றே விமானத்தைப் படம் எடுத்து, "விற்பனைக்கு அல்ல" என்ற எழுத்து தெரியாத கோணத்தில் இணையத்தில் போட்டாள்.

ஐந்தாவது மாதம் கோவளத்திலிருந்து தனக்கோடி வந்தார். கடற்கரைச் சாலையில் ஓட்டல் வைத்திருப்பவர். விமானத்தை வாசலில் நிறுத்தி உள்ளே இரண்டு மேசை போட்டால் குழந்தைகளோடு வருகிறவர்கள் காரை நிறுத்துவார்கள் என்பது அவர் யோசனை. பறக்காதது அவருக்கு நல்லதாகவே பட்டது. அன்றைக்கு அதன் விலை ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். அவர் பேரமே பேசாமல் இரண்டு என்றார். சந்திரிகா சம்மதித்தாள். அந்த நிமிஷமே எல்லை நூறு மீட்டர் விலகியிருக்கும், அவள் போய்ப் பார்க்கவில்லை. பீரோவிலிருந்து எல்லாப் புத்தகங்களையும் எடுத்து வந்து மேசையில் வைத்தாள். சிவகுமார் இனிப்பு வாங்கக் கிளம்பினான்.

தனக்கோடியோடு அவர் மருமகளும் வந்திருந்தாள். அனுப்பிரியா என்று பெயர், இருபத்துமூன்று வயது இருக்கும். விமானத்தின் ஏணியில் உட்கார்ந்து போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் சந்திரிகாவைப் பார்த்து, "சாரிக்கா. ஆபீஸ் ஃப்ரெண்டு. அடுத்த மாசம் புனே போறோம், டிரெயினிங், ஆறு மாசம்" என்றாள்.

தனக்கோடி பேனாவைத் திறந்தார். வாங்குபவர் பெயர் என்ற இடத்தில் அனுப்பிரியா என்பதன் முதல் எழுத்தை எழுதினார்.

"உங்க பேர்ல எழுதிக்குங்க சார்" என்றாள் சந்திரிகா.

"என் பேர்ல எது வாங்கினாலும் தங்காதும்மா. ரெண்டு ஓட்டல் மூடினவன். இந்தப் பொண்ணு காலடி வச்சாப்புறம்தான் மூணாவது ஓடுது."

"உங்க பேர்ல எழுதினா ஒண்ணே முக்காலுக்கே தரேன்."

"காசுக்கு இல்லம்மா. ராசி."

"ஒண்ணரை."

பொன்னியம்மாள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். தனக்கோடிக்குச் சந்தேகம் வந்து விமானத்தில் எதுவும் தோஷமா என்று கேட்டார். சந்திரிகா உள்ளே போய் வரைபடத்தை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்து, ஒரே மையத்தைச் சுற்றிச் சின்னதாகிக்கொண்டே வந்த பதினோரு வட்டங்களையும் காட்டி விளக்கினாள். அவர் கவனமாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, இரண்டு கிலோமீட்டர் என்றால் கோவளம் மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, கோயில் எல்லாம் அடங்கிவிடும், பெண்பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன வேலை என்றார். அனுப்பிரியா ஏணியிலிருந்து எழுந்து நின்றாள்.

சந்திரிகா அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடித் திருப்பிக் கொடுத்தாள். புத்தகங்களை அடுக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, எல்லோருக்கும் டீ போடுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சிவகுமார் அரைக் கிலோ ஜாங்கிரியோடு திரும்பி வந்தபோது கார் போயிருந்தது.

"வந்த லட்சுமிய எட்டி ஒதச்சுட்டா" என்று பொன்னியம்மாள் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஊரான் வூட்டுப் பொண்ணுக்கு இவ இன்னாத்துக்குப் பாடு படறா?" பிறகு விட்டுவிட்டாள். அனுப்பிரியா புனேயிலிருந்து ஒருமுறை போன் செய்தாள். அங்கே மழை என்றாள். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை, பத்து நிமிஷம் மழையைப் பற்றியே பேசினாள். சந்திரிகா கேட்டுக்கொண்டிருந்தாள். அதன் பிறகு வாங்க வந்த நான்கு பேரிடமும் யார் பெயரில் என்ற கேள்வியை முதலிலேயே கேட்டாள். மனைவி, மகள், மருமகள், மறுபடியும் மருமகள். ஆண்கள் எல்லோருக்கும் எங்கேயாவது போக வேண்டியிருந்தது.

வருஷா வருஷம் நூற்றுக்குப் பதினைந்தாகக் குறைகிற எதுவும் பூஜ்யத்தைத் தொடாது என்று அவளுக்குக் கல்லூரியிலேயே தெரியும். ஆனால் விலை அதற்கு முன்பே நின்றுவிட்டது. 2024 கோடையில் எண்பத்தெட்டாயிரத்துக்கு வந்து, அங்கேயே தங்கியது. அதற்கு மேல் அது விமானமாகக் குறைய முடியாது, உலோகமாக அதற்கு அந்த விலை இருந்தது. நானூற்று முப்பது கிலோ அலுமினியம், இறுகிப்போன ஒரு இன்ஜின். பெருங்களத்தூரில் பழைய உலோக வியாபாரம் செய்யும் ஏகநாதன் காலை எட்டு மணிக்கு அன்றைய கிலோ விலையை வாட்ஸப்பில் அனுப்புவார். அவருக்கு விற்க மாட்டாள் என்று தெரிந்தும் அனுப்புவார். சந்திரிகா அதைப் பார்த்து நானூற்று முப்பதால் பெருக்குவாள். கிலோவுக்கு ஒரு ரூபாய் என்பது நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். விலை இறங்கிய நாட்களில் ரேஷன் கடை வரிசையின் பின்பாதி வரைதான் போக முடியும், முன்னால் நிற்பவர்கள் அவள் பையை வாங்கிக் கைமாற்றி நிரப்பித் தருவார்கள். ஏறிய நாட்களில் மருந்துக் கடை, அதையும் தாண்டித் தையல்காரர். தெருவில் இருக்கிறவர்கள் அவளைப் பார்த்ததும் இன்றைக்கு அலுமினியம் ஏறியிருக்கிறது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். பழைய பாத்திரம் போட நினைத்தவர்கள் அந்த நாளில் போட்டார்கள்.

செப்டம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறியது. இருபத்தொன்றரை மீட்டர். சந்திரிகா தலை வாரிக்கொண்டு, வேறு புடவை மாற்றிக்கொண்டு, ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்தாள். கவுண்டரில் இருந்தவர் எந்த ஊருக்கு என்று கேட்காமல் நடைமேடைச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். அவள் முதல் பெஞ்சைக் கடந்தாள், இரண்டாவதைக் கடந்தாள், மூன்றாவதன் பாதியில் கால் நின்றது. அதன் இந்தப் பக்க ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பக்க ஓரத்தில் இருந்த பெண் நகர்ந்து இடம் விட்டாள். வேண்டாம், இதுவே போதும் என்று சந்திரிகா சொன்னாள். கடற்கரைக்குப் போகிற வண்டிகள் மூன்று வந்து போயின. வெயில் பெஞ்சுக்கு வந்ததும் எழுந்து வீட்டுக்குப் போனாள்.